எதைக் கலைக்கிறார், எதைத் தொடாமல் விடுகிறார்: லிவர்பூல் மேனேஜர்களைப் பார்த்துக் கற்றது

2020 கிறிஸ்துமஸ் அன்று லிவர்பூல் பிரீமியர் லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. சில நாள் முன்புதான் கிரிஸ்டல் பேலஸை அவர்கள் மைதானத்திலேயே 7–0 என்று அடித்திருந்தார்கள். அடுத்த மார்ச் 7-ஆம் தேதி ஆன்ஃபீல்டில் ஃபுல்ஹாமிடம் 0–1 என்று தோற்றபோது, சொந்த மைதானத்தில் அது தொடர்ந்து ஆறாவது லீக் தோல்வி. அந்த ஜனவரியில் பர்ன்லி வந்து ஜெயிக்கும் வரை 68 லீக் ஆட்டங்கள் ஆன்ஃபீல்டில் தோற்காமல் இருந்த அணி அது. மேனேஜர் அதே யுர்கன் க்ளோப். இரண்டரை மாதத்தில் அவருக்கு ஃபுட்பால் மறந்துபோயிருக்காது.

நடந்தது இதுதான். அக்டோபர் 17-ஆம் தேதி எவர்ட்டன் ஆட்டத்தில் வர்ஜில் வான் டைக்கின் முட்டி போனது. நவம்பரில் ஜோ கோமஸ் இங்கிலாந்து அணிப் பயிற்சியில் விழுந்தார். ஜனவரிக் கடைசியில் ஜோயல் மாட்டிப்பும் போனார். கோலுக்கு முன் நடுவில் நிற்கும் டிஃபெண்டர்களான சென்டர் பேக்குகள் மூவரும் அந்த சீசனுக்கு இல்லை. க்ளோப் அந்த ஓட்டையை அடைக்க மிட்ஃபீல்டில் இருந்து ஃபபின்யோவைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு ஜோர்டன் ஹெண்டர்சனையும் இழுத்தார். இருவரும் சென்டர் பேக்காக மோசமாக ஆடவில்லை. ஃபபின்யோ பல நாள் நன்றாகவே ஆடினார். பார்க்கிறவனுக்கு அதனாலேயே கோளாறு எங்கே என்று பிடிபடவில்லை.

கோளாறு இருவரும் காலி செய்துவிட்டு வந்த இடத்தில் இருந்தது. லிவர்பூலின் தாக்குதல் முன்னால் நிற்கும் மூவரிடம் தொடங்குவதாகத் தோன்றும். உண்மையில் அது பந்து பறிபோன அடுத்த நான்கைந்து நொடியில், எதிராளி முதல் பாஸ் கொடுக்கப் பார்க்கும் இடத்தில் தொடங்கும். அந்த இடத்தில் நின்று பந்தை வெட்டி மறுபடி முன்னால் அனுப்புகிறவர் ஃபபின்யோ. அவர் அங்கே இல்லையென்றால் எதிராளி இரண்டு பாஸில் நடுக்கோட்டைத் தாண்டிவிடுவான். அப்போது பின்வரிசை பயந்து பத்து அடி இறங்கி நிற்கும். பின்வரிசை இறங்கினால் முன்வரிசைக்கும் அதற்கும் இடையே பெரிய வெளி திறக்கும். ஓரங்களில் நிற்கும் டிஃபெண்டர்களான ஃபுல் பேக்குகள் துணிந்து மேலே போக முடியாது. மேலே போகாத ஆண்டி ராபர்ட்சனும் ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்டும் கிராஸ் போட முடியாது. ஆறு தோல்விகளில் லிவர்பூல் போட்டது ஒரே ஒரு கோல், அதுவும் மான்செஸ்டர் சிட்டி ஆட்டத்தில் பெனால்டி. பின்னால் ஆள் இல்லாததால் முன்னால் கோல் வற்றியது.

மார்ச் நடுவில் க்ளோப் திருத்தினார். ஃபபின்யோ மிட்ஃபீல்டுக்குத் திரும்பினார். பின்னால் நாட் ஃபிலிப்ஸும், ஷால்கேவிலிருந்து கடனாக வந்த ஓசான் கபாக்கும். கபாக்குக்கும் காயம் வந்தபின் ரிஸ் வில்லியம்ஸ். முந்தைய சீசனில் வில்லியம்ஸ் ஆறாம் படிநிலையில் இருக்கும் கிட்டர்மின்ஸ்டருக்கு ஆடிய பையன். ஃபிலிப்ஸ் தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர், காலில் பந்து வந்தால் திணறுவார். இந்த ஜோடியை வைத்துக்கொண்டு கடைசி 10 லீக் ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா, 30-க்கு 26 புள்ளி. மூன்றாம் இடம். அந்த ஓட்டத்தில் கோல்கீப்பர் அலிஸன் வெஸ்ட் பிராம் மைதானத்தில் 95-ஆவது நிமிடம் தலையால் போட்ட கோலைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஃபபின்யோவை அவர் இடத்துக்கு அனுப்பிய முடிவை அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

ஒரு வரிசையில் ஓட்டை விழுந்தால் அந்த வரிசைக்குள்ளேயே, சுமாரான ஆளைப் போட்டாவது அடைக்க வேண்டும். நல்ல வரிசையிலிருந்து சிறந்த ஆளைப் பிடுங்கி அடைத்தால் ஓட்டை இரண்டாகும். க்ளோப் போன்ற மேனேஜருக்கே இது புரிய நான்கு மாதம் ஆயிற்று. அவருக்குக் கையில் ஆள் இல்லை, பயிற்சிக்கு நேரமில்லை, அரங்கம் காலி. அவையெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் பிப்ரவரி முதல் நாள்தான் புது சென்டர் பேக்குகள் வாங்கப்பட்டார்கள், அவர்களில் பென் டேவிஸ் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஜனவரி முதல் வாரமே ஒருவரை எடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி ஏதாவது அணியில் காயம் வந்தால் மேனேஜரிடம் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ஒரு ஆள் போனதற்கு எத்தனை பேர் இடம் மாறினார்கள் என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் நல்லது. இரண்டு என்றால் கவனியுங்கள். மூன்று பேர் இடம் மாறினால், பெயர்ப்பட்டியல் எவ்வளவு பலமாகத் தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் தடுமாறும்.

இதற்கு நேர்மாறான நாளும் உண்டு, எல்லாவற்றையும் கலைத்தே தீர வேண்டிய நாள். 2005 மே 25, இஸ்தான்புல். சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூலுக்கு எதிராக இடைவேளைக்கு மிலான் 3–0. அந்த இரவைப் பற்றி மனவலிமை, ரசிகர்களின் பாட்டு என்று நிறைய பேசியாகிவிட்டது. அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் அப்போதைய மேனேஜர் ரஃபா பெனிடெஸ் செய்த திருத்தங்களை வரிசையாகப் பார்த்தால்தான் ஒரு மேனேஜர் தன் தப்பைத் தானே எப்படிச் சரிசெய்வார் என்று தெரியும்.

தப்பு அவருடையதுதான். டிஃபென்ஸுக்கு முன்னால் காவல் நிற்கும் மிட்ஃபீல்டர் டீட்மர் ஹாமனை பெஞ்சில் வைத்துவிட்டு ஹாரி க்யூவெல்லைத் தாக்குதலுக்கு இறக்கியிருந்தார். ஷாபி அலோன்ஸோவும் ஸ்டீவன் ஜெரார்டும் மட்டும் நடுவில் நின்றதால், அவர்கள் முதுகுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவே கிடந்த வெளியில் மிலானின் மிட்ஃபீல்டர் காக்கா தன் இஷ்டத்துக்கு ஓடினார். மூன்றாவது கோலுக்கு அவர் கொடுத்த பாஸ் அந்த வெளியிலிருந்து வந்தது. இடைவேளையில் பெனிடெஸ் ஹாமனை இறக்க முடிவுசெய்து, முதலில் டிஃபெண்டர் ஜிமி ட்ராவோரேவை வெளியேற்றினார். பிசியோ வந்து இன்னொரு டிஃபெண்டர் ஸ்டீவ் ஃபின்னனுக்குக் காயம், தாங்கமாட்டார் என்றதும் முடிவை மாற்றி ட்ராவோரேவை மறுபடி பூட்ஸ் மாட்டச் சொன்னார். மூன்று பேர் பின்னால், ஹாமன் காக்காவின் வழியில், அதனால் விடுதலையான ஜெரார்ட் முன்னால். 54-ஆவது நிமிடம் ஜெரார்ட், 56-இல் ஸ்மிட்சர், 60-இல் அலோன்ஸோ. மூன்று கோல், ஆறு நிமிடம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதன் பிறகு நடந்த திருத்தம். 86-ஆவது நிமிடம் மிலான் செர்ஜின்யோவை இறக்கியது. மிலானின் இடது ஓரத்தில் வந்த அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க லிவர்பூலில் ஆள் இல்லை. பெனிடெஸ் ஜெரார்டையே வலது டிஃபென்ஸுக்கு அனுப்பினார். கேப்டன், அணியின் மிகச் சிறந்த தாக்குதல் வீரர், கூடுதல் நேரம் முழுக்கச் சறுக்கி விழுந்து பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தார். ஒரே ஆட்டத்தில் மூன்று இடம். 2021-இல் தப்பாகப்போன அதே வேலை இங்கே சரியாகப் போனது, ஏனென்றால் இது நான்கு மாதத்துக்கான ஏற்பாடு கிடையாது, அரைமணி நேரத்துக்கான ஏற்பாடு. அரைமணிக்கு எந்த வரிசையையும் பட்டினி போடலாம். ஒரு சீசனுக்கு முடியாது.

இப்போது ஆட்டத்தில் மேனேஜர் கைவைக்க இடம் அதிகம். 2022-23 முதல் பிரீமியர் லீக்கில் ஐந்து மாற்று ஆட்கள். ஆட்டம் நடக்கும்போது மூன்று தடவை மட்டுமே ஆள் மாற்ற நிறுத்தலாம். இடைவேளை அந்தக் கணக்கில் வராது. ஆகவே இடைவேளை மாற்றம் மேனேஜருக்கு இலவசம். தோற்றுக்கொண்டிருக்கும்போது அந்த இலவசத்தை எத்தனை தடவை பயன்படுத்துகிறார் என்று பத்து ஆட்டங்களுக்குக் குறித்து வையுங்கள். எப்போதுமே 70 நிமிடம் தாண்டித்தான் கை அசைகிறது என்றால், அவர் தன் முதல் திட்டத்தின்மேல் தேவைக்கு மேல் பாசம் வைத்திருக்கிறார். இன்னொன்று: மாறுகிற ஆள் அதே இடத்துக்குப் போகிறாரா, வடிவமே மாறுகிறதா? ஓரத்தில் ஓடித் தாக்கும் விங்கருக்கு இன்னொரு விங்கர் என்றால் களைப்புக்கான மாற்றம். விங்கருக்கு மிட்ஃபீல்டர் என்றால் ஏதோ பிரச்சினையைப் பார்த்துவிட்டார் என்று பொருள். இரண்டாவது வகையில் மாற்றம் வந்த பத்து நிமிடத்துக்குள் எதிராளி பந்து கொண்டுபோகும் வழி மாறியிருக்க வேண்டும். மாறவில்லையென்றால் மருந்து தப்பு.

டிவியில் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா பந்தையே துரத்தும், மேனேஜரின் வேலையோ பெரும்பாலும் பந்து இல்லாத இடத்தில் இருக்கும். கோல் கிக், ஃப்ரீ கிக், யாராவது கீழே விழுந்து கிடக்கும் நேரம், இவற்றில்தான் மைதானம் அகலமாகத் தெரியும். அப்போது ரீப்ளேயைப் பார்க்காமல் ஆட்களைப் பாருங்கள். நம் அணி தாக்கும்போதோ எதிராளி பெனால்டி பகுதியை விட்டுக் கண்ணை எடுத்து, நடுக்கோட்டருகே நம்மவர்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். எதிராளி முன்னால் விட்டுவைத்திருப்பதைவிட ஒரு ஆள் கூடுதலாவது இருக்க வேண்டும். இரண்டு சென்டர் பேக்கும் அவர்களுக்கு முன்னால் ஒரு மிட்ஃபீல்டரும் என்பது குறைந்தபட்சம். இரண்டு ஃபுல் பேக்குகளும் ஒரே நேரத்தில் மேலே போனால் அந்த மிட்ஃபீல்டர் தனியாக மாட்டுவார், அப்போது இன்னொருவர் இறங்கி வர வேண்டும். இந்தக் காவல் ஏற்பாடு சரியாக இருக்கிற அணி தோற்றாலும் கலங்க வேண்டியதில்லை. அது இல்லாத அணி 4–2 என்று ஜெயித்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

2013-14 லிவர்பூல் அப்படித்தான் இருந்தது. அப்போதைய மேனேஜர் பிரெண்டன் ராட்ஜர்ஸ் காட்டிய தாக்குதலைப் போல ஆன்ஃபீல்ட் வெகுகாலம் கண்டதில்லை. 38 ஆட்டங்களில் 101 கோல். வாங்கியதும் 50. சாம்பியன் ஆகிறவர்கள் அவ்வளவு வாங்குவது அபூர்வம். மே 5, 2014, கிரிஸ்டல் பேலஸ் மைதானம். 55-ஆவது நிமிடத்தில் 3–0. கோல் வித்தியாசத்தில் மான்செஸ்டர் சிட்டியைப் பிடிக்க வேண்டும் என்று நான்காவது, ஐந்தாவது கோலுக்கு எல்லோரும் மேலே போனார்கள். 79, 81, 88. மூன்று கோல் வாங்கி 3–3. முதல் கோல் தற்செயல் என்று விடலாம். 79-க்கும் 81-க்கும் நடுவே இரண்டு நிமிடம்தான், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. 81-க்கும் 88-க்கும் நடுவே ஏழு நிமிடம் இருந்தது. அந்த ஏழு நிமிடத்தில் ஆட்டத்தைத் தூங்கவைக்கத் தெரியவில்லை. பந்தை மூலைக்கு எடுத்துப்போவது, த்ரோ-இன்னை நிதானமாக எடுப்பது, முன்னால் ஒரு வேகமான ஆளை விட்டுவைத்து எதிராளி ஃபுல் பேக்கை மேலே வரவிடாமல் செய்வது, இதெல்லாம் பயிற்சியில் பழகாவிட்டால் அன்றைக்குத் திடீரென வராது. சிட்டி 86, லிவர்பூல் 84. எத்தனை வருடமானாலும் அந்த ஏழு நிமிடம் வலிக்கிறது.

முன்னிலையில் இருக்கும்போது அவசரப்பட்டு ஐந்தாவது டிஃபெண்டரைப் போடுவதும் பல மேனேஜர்கள் செய்யும் பிசகு. தலைகள் கூடும், ஆனால் முட்டி வெளியே வரும் பந்தைப் பொறுக்க ஆள் இருக்காது. பெனால்டி பகுதிக்கு வெளியே அந்த இரண்டாவது பந்து எதிராளிக்கே மறுபடி மறுபடி போகும், கிராஸ் மேல் கிராஸ் வரும். டிஃபெண்டரைக் கூட்டினால் மிட்ஃபீல்டைக் குறைக்கக் கூடாது, முன்னால் இருக்கிறவரைத்தான் குறைக்க வேண்டும்.

ஆள் எடுப்பதற்கு வருவோம். ரசிகர்கள் இதில்தான் மேனேஜரை அதிகம் புகழ்கிறோம், அதிகம் திட்டுகிறோம். 2017-இல் முகமது சாலாவை க்ளோப் கண்டுபிடித்தார் என்று பேசுவோம். க்ளோப்புக்கு முதலில் பிடித்திருந்தது ஜெர்மன் வீரர் ஜூலியன் பிராண்ட். கிளப்பின் ஸ்போர்ட்டிங் டைரக்டர் மைக்கேல் எட்வர்ட்ஸும் அவருடைய ஆய்வுக்குழுவும் சாலா, சாலா என்று விடாமல் சொன்னார்கள். க்ளோப் கேட்டுக்கொண்டார், அதைப் பின்னால் வெளிப்படையாகவும் சொன்னார். நல்ல மேனேஜரின் அடையாளமாக நான் அந்தக் கேட்டுக்கொண்டதைத்தான் வைக்கிறேன். தனக்குத் தெரிந்த ஏஜென்ட், தன் நாட்டு ஆள், தன் பழைய கிளப் ஆள் என்று மட்டுமே வாங்குகிற மேனேஜர் போகும்போது அடுத்தவருக்கு உதவாத அணியை விட்டுப்போவார்.

வாங்கிய ஆளை உடனே இறக்காமல் வைத்திருப்பதும் ஒரு திறமை. ராபர்ட்சன் 2017 கோடையில் ஹல் சிட்டியிலிருந்து 80 லட்சம் பவுண்டுக்கு வந்தார். டிசம்பர் வரை பெரும்பாலும் பெஞ்ச். அடுத்த ஜனவரி 14, சிட்டியை 4–3 என்று வென்ற ஆட்டத்தில் ஒருவராகவே வரிசையாக ஐந்தாறு பேரைத் துரத்திக்கொண்டு அவர்களுடைய பெனால்டி பகுதி வரை ஓடினார். அந்த ஓட்டம் எப்போது தொடங்க வேண்டும், எந்தக் கோணத்தில் போனால் எதிராளியின் பாஸ் வழி அடைபடும் என்பதைத்தான் அந்த நான்கு மாதம் கற்றுக்கொண்டார். ஃபபின்யோவும் அப்படியே. 2018-இல் வந்து, முதல் லீக் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆட அக்டோபர் கடைசி ஆயிற்று. இவ்வளவு காசு கொடுத்தவரை ஏன் உட்காரவைக்கிறார் என்று கத்தினோம். தப்பு நம்முடையது.

விற்பதிலும் பழைய மேனேஜர் பாப் பெய்ஸ்லியைப் போல் யாரும் இல்லை. 1977-இல் ரோமில் லிவர்பூலின் முதல் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்). அந்த வெற்றியோடு கெவின் கீகன் ஹாம்பர்க்குக்குப் போனார், 5 லட்சம் பவுண்டு. பெய்ஸ்லி செல்டிக்கிலிருந்து கென்னி டல்க்ளிஷை எடுத்தார், 4 லட்சத்து 40 ஆயிரம். அடுத்த வருடம் அதே கோப்பையின் இறுதியில் ஒரே கோல், டல்க்ளிஷ் போட்டது. ஒன்பது சீசனில் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கோப்பை. அவர் எந்த வருடமும் அணியைப் புரட்டிப்போடவில்லை. ஆள் தேயத் தொடங்குமுன், வருடத்துக்கு ஒருவர் இருவர் என்று மாற்றினார். ஸ்ட்ரைக்கராக வந்து திணறிய ரே கென்னடியை மிட்ஃபீல்டின் இடப்பக்கம் நிறுத்தி இன்னொரு வாழ்க்கை கொடுத்தார். பெய்ஸ்லி மேனேஜர் ஆகுமுன் அணியின் பிசியோ. ஒருவர் நடக்கும் விதத்தை வைத்தே எங்கே காயம் என்று சொல்லிவிடுவார் என்பார்கள். ஆள் தேய்வது அவர் கண்ணுக்கு முன்கூட்டித் தெரிந்ததில் வியப்பில்லை.

அவருக்கு முன்னால் மேனேஜராக இருந்த பில் ஷாங்க்லி அந்த விஷயத்தில் தாமதித்தவர். 1965-66 லீக்கை வெறும் 14 ஆட்டக்காரர்களை வைத்து வென்றார். அந்த நம்பிக்கையே பிறகு பாரமானது. அதே ஆட்கள் வயதானபின்னும் தொடர, ஏழு வருடம் கோப்பை இல்லை. 1970 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பையில் வாட்ஃபோர்டிடம் 0–1 என்று தோற்ற பிறகே டாமி லாரன்ஸ், ரான் யீட்ஸ், இயன் செயின்ட் ஜான் ஆகியோரின் காலம் முடிந்தது. ரே கிளெமென்ஸ், கீகன், ஸ்டீவ் ஹைவே என்று புது அணி வந்தது. இத்தனைக்கும் கிளெமென்ஸ் 1967-இலேயே வாங்கப்பட்டு ரிசர்வ் அணியில் காத்திருந்தார். மாற்று ஆள் கையில் இருந்தும், மனசு வரவில்லை.

ஷாங்க்லியின் அதே மனசு க்ளோப்புக்கும் இருந்தது. 2021-22-இல் லிவர்பூல் ஆடக்கூடிய எல்லா ஆட்டங்களையும் ஆடியது, மொத்தம் 63. இரண்டு உள்நாட்டுக் கோப்பை, லீக்கில் 92 புள்ளி, சாம்பியன்ஸ் லீக் இறுதி. அந்தக் கோடையில் மிட்ஃபீல்டுக்குப் பலமாக யாரையும் எடுக்கவில்லை. ஹெண்டர்சனுக்கு 32, தியாகோவுக்கு 31, ஜேம்ஸ் மில்னருக்கு 36. சந்தை மூடும் நாளில் கடனாக வந்த ஆர்தர் மெலோ மொத்தமே 13 நிமிடம் ஆடினார். 2022-23-இல் ஐந்தாம் இடம், 67 புள்ளி. வயதைப் பார்க்க ரசிகனுக்கு ஒரு எளிய வழி உண்டு: ஒரே வரிசையில் 30 தாண்டியவர் எத்தனை பேர்? மூன்று பேர் கொண்ட மிட்ஃபீல்டில் இருவர் என்றால் அந்தக் கோடையே ஒருவரை மாற்றியாக வேண்டும். கோப்பை வென்ற கோடையில்தான் இதைச் செய்வது சுலபம், யாரும் மேனேஜரைக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கோடையில்தான் யாருக்கும் மனசு வராது.

ஒரேயடியாகக் கலைத்தால் என்ன ஆகும் என்பதை கிரேம் சூனஸ் காலம் காட்டியது. 1991-இல் மேனேஜராக வந்தவர் பீட்டர் பியர்ட்ஸ்லி, ஸ்டீவ் மக்மஹோன், ரே ஹவ்டன் ஆகியோரை அடுத்தடுத்து விற்றார். அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் அந்தத் தரத்தில் இல்லை. சீக்கிரமாக நிறைய மாற்றிவிட்டேன் என்று அவரே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். ஷாங்க்லி காலத்து வழக்கப்படி ஆட்டக்காரர்கள் ஆன்ஃபீல்டில் உடை மாற்றி, மெல்வுட் பயிற்சி மைதானத்துக்கு பஸ்ஸில் போய்ப் பயிற்சி முடித்து, அதே பஸ்ஸில் திரும்பி வந்துதான் குளிப்பார்கள். பார்க்க வீண் அலைச்சல். உண்மையில் அந்தப் பயண நேரத்தில் சூடான உடம்பு மெல்ல ஆறும், பஸ்ஸில் எல்லோரும் கலந்து பேசுவார்கள். சூனஸ் அதை நிறுத்தினார். உணவு விஷயத்தில் அவர் கொண்டுவந்த மாற்றங்கள் காலத்துக்கு முந்தியவை, சரியானவை. ஆனால் ஒரு பழக்கம் எதற்காக இருக்கிறது என்று கேட்காமல் எடுத்தால் அது தாங்கிக்கொண்டிருந்ததும் சேர்ந்து விழும்.

சின்ன விஷயங்களுக்கு வேறு ஆளின் உதவியை நாடுவதில் க்ளோப்புக்குக் கூச்சமே இல்லை. ஒரு ஆட்டத்தில் ஏறக்குறைய 40 த்ரோ-இன் வரும். 2018-இல் டென்மார்க்கிலிருந்து தாமஸ் க்ரோனமார்க்கை அதற்கென்றே கோச்சாகக் கூட்டிவந்தபோது பலர் சிரித்தார்கள். தூரமாக எறிவது அதில் ஒரு பகுதிதான். எறிபவர் யாரைப் பார்க்கிறார், ஒருவர் பந்தை நோக்கி ஓடி ஆளை இழுக்க, இன்னொருவர் அந்தக் காலியிடத்துக்குள் எப்போது நுழைகிறார் என்பதே முக்கியப் பாடம். உங்கள் அணி தன் பாதியில் எறியும் த்ரோ-இன்னில் பந்து எத்தனை தடவை நம்மிடமே தங்குகிறது என்று ஒரு ஆட்டம் முழுக்க எண்ணிப் பாருங்கள். பயிற்சி மைதானத்தில் எவ்வளவு உழைப்பு நடக்கிறது என்று அந்த எண்ணே சொல்லும். 2019 மே 7, பார்சிலோனாவை 4–0 என்று வென்ற இரவில் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் எடுத்த அந்த அவசரக் கார்னரும் இப்படித்தான். பந்து நின்றதும் பார்சிலோனாக்காரர்கள் கவனம் சிதறுகிறார்கள் என்று முன்பே பார்த்து வைத்து, பந்து எடுத்துப்போடும் பையன்களைச் சுறுசுறுப்பாக இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

எவ்வளவு காலம் பொறுப்பது என்ற கேள்விக்கு என் கணக்கு இது. முதல் ஐந்தாறு ஆட்டப் புள்ளிகளை வைத்து ஒன்றும் சொல்லாதீர்கள், புது மேனேஜர் வந்த வேகத்தில் இரண்டு வெற்றி யாருக்கும் கிடைக்கும். பத்து ஆட்டங்களுக்கு நான்கு எண்களைக் குறியுங்கள்: நம் பெனால்டி பகுதிக்குள்ளிருந்து எதிராளி அடித்த ஷாட், நாம் தாக்கும்போது பந்து பறிபோய் அது நம் பகுதி வரை வந்த தடவைகள், நம் கார்னரிலிருந்து எதிராளி எதிர்த்தாக்குதல் தொடங்கிய தடவைகள், தோற்கும்போது முதல் மாற்றம் வந்த நிமிடம். முதல் பத்துக்கும் அடுத்த பத்துக்கும் நடுவே முதல் மூன்றும் குறைந்தால், புள்ளி வராவிட்டாலும் வேலை நடக்கிறது. ஜெர்மன் கிளப் டார்ட்மண்டில் க்ளோப்பின் கடைசி சீசனான 2014-15-இல் அணி பாதி வழியில் கடைசி இடங்களில் கிடந்து, ஏழாம் இடத்தில் முடித்தது. லிவர்பூலின் ஆய்வாளர் இயன் கிரஹாம் கோல் வாய்ப்புகளின் தரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார். டார்ட்மண்ட் ஆடிய ஆட்டத்துக்கு அந்த இடம் பொருந்தவில்லை, அதிர்ஷ்டம்தான் கைவிட்டிருந்தது. 2015 அக்டோபர் 8-ஆம் தேதி க்ளோப் லிவர்பூலுக்கு வந்தார்.

அவர் போன விதமும் எனக்கு மிக உயர்வாகப் படுகிறது. 2023 கோடையிலேயே அலெக்சிஸ் மக் அலிஸ்டர், டொமினிக் சொபோஸ்லாய், வதாரு எண்டோ, ரயான் கிராவன்பெர்க் என்று மிட்ஃபீல்டை முழுக்கப் புதிதாக்கிவிட்டு, 2024 ஜனவரி 26-ஆம் தேதி, சீசன் முடிய நான்கு மாதம் இருக்கும்போதே போவதாக அறிவித்தார். அடுத்து வந்த ஆர்னே ஸ்லாட்டுக்கு ஃபெடரிகோ கியேசா தவிர அந்த சீசனில் ஆடப் புது ஆள் வரவில்லை. ஸ்பெயினிலிருந்து மார்ட்டின் சுபிமெண்டியை எடுக்கப் பார்த்தார்கள், அவர் வர மறுத்துவிட்டார். ஸ்லாட் வேறொருவரைத் தேடி ஓடவில்லை. க்ளோப்பின் கடைசி வருடத்தில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்த கிராவன்பெர்க்கை டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தினார். அதற்காக வேறு வரிசையிலிருந்து யாரையும் பிடுங்கவில்லை.

ஸ்லாட்டின் முதல் லீக் ஆட்டம் 2024 ஆகஸ்ட் 17, இப்ஸ்விச் மைதானம். இடைவேளைக்கு 0–0. நீளமாக வந்த பந்துகளில் இப்ஸ்விச் முட்டி மோதி ஜெயித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரே மாற்றம் செய்தார்: சென்டர் பேக் ஜாரெல் குவான்சா வெளியே, சென்டர் பேக் இப்ராஹிமா கொனாட்டே உள்ளே. 60-ஆவது நிமிடம் டியோகோ ஜோட்டா, 65-இல் சாலா. அடுத்த ஏப்ரல் 27-ஆம் தேதி ஆன்ஃபீல்டில் டாட்டனமை 5–1 என்று அடித்து, நான்கு ஆட்டங்கள் மீதம் இருக்கும்போதே லீக்கை வென்றார்கள்.